பெயர் வந்த வழி – 9: இத்தாக்காவின் தறி

சென்ற இதழில் ஹெலனை ட்ராய் நகரத்து மதில்மேல் நிறுத்திவிட்டு வந்தோம். இந்த இதழில் அவள் பிறந்த வீட்டுக்கே திரும்புவோம். ஸ்பார்ட்டாவின் அரசன் டிண்டேரியஸ் வீட்டில் வளர்ந்தவர்கள் ஹெலனும் கிளைட்டம்னெஸ்ட்ராவும். டிண்டேரியஸின் உடன்பிறந்தான் இக்காரியஸின் மகள் பெனலோப்பி. மூன்று பேரும் பங்காளி வீட்டுப் பெண்கள். ஒருத்தி கணவனை விட்டுப் போனாள், ஒருத்தி கணவனைக் கொன்றாள், ஒருத்தி இருபது ஆண்டுகள் காத்திருந்தாள். கிளைட்டம்னெஸ்ட்ரா என்று குழந்தைக்குப் பெயர் வைக்க எளிதில் யாருக்கும் துணிச்சல் வராது. ஹெலன் பாளையங்கோட்டைப் பள்ளிகளின் வருகைப் பதிவேடு வரைக்கும் வந்துவிட்டாள்; அது புனித ஹெலனாவின் புண்ணியம் என்று பார்த்தோம். மூன்றாமவளின் பெயர் பல நூற்றாண்டு காவியத்துக்குள்ளேயே கிடந்து, நினைத்துப்பாராத வழியில் வெளியே வந்தது.

முதலில் உச்சரிப்பு. நானும் பல ஆண்டுகள் இந்தப் பெயரைப் 'பெனலோப்' என்றுதான் மனத்துக்குள் வாசித்துக்கொண்டிருந்தேன். யாரோ உரக்கச் சொல்லிக் கேட்டபோதுதான் கடைசியில் ஒரு 'பி' இருப்பது தெரிந்தது. ஹோமர் பாடியது பேனெலொப்பெயா. இன்றைய கிரேக்கர்களுக்குப் பினெலோப்பி, ஸ்பானியர்களுக்குப் பெனெலொப்பே. நாம் பெனலோப்பி என்றே வைத்துக்கொள்வோம்.

பெயர்ப் புத்தகங்களைப் புரட்டினால் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: 'பெனலோப்பி – நெசவு செய்பவள்.' இதில் பாதி சரி. கிரேக்கத்தில் 'பேனே' என்று ஒரு சொல் உண்டு. ஊடை நூல் என்று பொருள். அந்த நூலைச் சுற்றிவைக்கும் குச்சி 'பேனியான்'. நெசவாளர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: தாரும் தார்க்குச்சியும்தான். பெரியவர்கள் தறியில் உட்கார்ந்திருக்க, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் தார் சுற்றிக்கொண்டே இருப்பார்களே, அதே தார். கிரேக்கர்கள் இந்தச் சொல்லை இன்னும் கைவிடவில்லை. அவர்களின் இயற்பியல் பாடநூலில் மின்கம்பிச் சுருளுக்குப் பெயர் 'பினியோ'.

ஆக, பெயரின் முன்பாதி தார். பின்பாதியில்தான் சிக்கல். 'ஓப்ஸ்' என்றால் முகம், கண். எனவே நூலையே பார்த்துக்கொண்டிருக்கும் முகத்தாள் என்று சிலர் பிரித்தார்கள். 'லோப்பே' என்றால் மேலாடை. எனவே ஆடை நெய்பவள் என்று வேறு சிலர். பிய்த்தெடுப்பதற்கு 'ஒலொப்டோ' என்று ஒரு வினை உண்டு. அதைச் சேர்த்து, ஊடையைப் பிரித்தெடுப்பவள் என்றார்கள் இன்னும் சிலர். கடைசிப் பொருள் கதைக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. எனக்குச் சந்தேகம் வருவதே அதனால்தான். கதையைத் தெரிந்துகொண்டு பெயரைப் பிரித்தார்களா, பெயரைக் கேட்டுக் கதையைக் கட்டினார்களா? கதையைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

பெனலோப்பியின் கணவன் ஒடிசியஸ் ட்ராய்ப் போருக்குப் போகும்போது மகன் டெலிமாக்கஸ் கைக்குழந்தை. போருக்குப் பத்தாண்டு, கடலில் அலைந்து திரிந்ததற்குப் பத்தாண்டு. போர் முடிந்து மற்ற அரசர்கள் ஊர் திரும்பிய பிறகும் இத்தாக்கா தீவின் அரசன் வரவில்லை. செத்திருப்பான் என்று முடிவுகட்டிய சுற்றுவட்டார இளவரசர்கள் அவன் மனைவியை மணம் கேட்டு வந்து, வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். எத்தனை பேர் என்று டெலிமாக்கஸ் ஊர்வாரியாகக் கணக்குச் சொல்கிறான். டுலிக்கியத்திலிருந்து 52, சாமேயிலிருந்து 24, சாக்கிந்தஸிலிருந்து 20, உள்ளூர் இத்தாக்காவிலிருந்து 12. கூட்டினால் 108. நமக்கு அர்ச்சனைக் கணக்குப்போலத் தோன்றும். அந்த வீட்டுக்கு அது தினசரிச் சாப்பாட்டுக் கணக்கு. ஆடும் மாடும் பன்றியுமாக அரண்மனைச் சொத்து அவர்கள் வயிற்றில் போய்க்கொண்டிருந்தது.

பெனலோப்பி முடியாது என்று சொல்லவில்லை. அவள் நிலைமையில் அப்படிச் சொல்லியிருக்கவும் முடியாது. ஒரு வேலை இருக்கிறது, அதை முடித்துவிட்டு யாரையாவது மணக்கிறேன் என்றாள். மாமனார் லயர்ட்டீஸுக்கு வயதாகிவிட்டது. அவர் சாகும்போது போர்த்தத் துணி நெய்ய வேண்டும். இத்தனை சொத்துச் சேர்த்த மனிதரை வெறும் உடம்பாகக் கிடத்தினால் ஊர்ப் பெண்கள் என்னை ஏசமாட்டார்களா என்றாள். உயிரோடிருக்கும் மாமனாருக்கு முன்கூட்டியே கோடி நெய்யும் மருமகளை 108 ஆண்களில் ஒருவனாலும் மறுத்துப் பேச முடியவில்லை. பகலெல்லாம் நெய்தாள். இரவில் பந்த வெளிச்சத்தில் நெய்ததைப் பிரித்தாள். மூன்று ஆண்டுகள் இப்படி ஓடின. நான்காம் ஆண்டில் பணிப்பெண் ஒருத்தி காட்டிக்கொடுத்தாள்.

மூன்று ஆண்டுகளாகவா ஒரு துணி என்று அந்த ஆட்களுக்குத் தோன்றவில்லையா? வெறும் வெள்ளைத் துணியாக இருந்திருந்தால் சில வாரங்களிலேயே குட்டு உடைந்திருக்கும். பண்டைய நெசவை ஆராய்ந்த எலிசபெத் பார்பர் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்: அது உருவங்களை ஊடையிலேயே வைத்து நெய்யும் கதைத்துணியாக இருந்திருக்க வேண்டும், அப்படிப்பட்ட துணிக்கு ஆண்டுக்கணக்கில் பிடிப்பது யாருக்கும் வியப்பாக இருந்திராது என்கிறார். தறியும் நம் குழித்தறியைப்போல் உட்கார்ந்து நெய்வது அல்ல. நிமிர்ந்து நிற்கும் சட்டம். மேலிருந்து பாவு தொங்கும். ஒவ்வொரு கொத்துப் பாவுநூலின் அடியிலும் சுட்ட மண்குண்டைக் கட்டி இழுத்துவைத்திருப்பார்கள். நெய்கிறவள் நின்றுகொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து ஊடையைக் கோத்து, மேல்நோக்கி அடித்துச் சேர்ப்பாள். இத்தாலியில் கியூசி நகர அருங்காட்சியகத்தில் கி.மு. 440 வாக்கில் தீட்டிய மண்கலம் ஒன்று இருக்கிறது. அதில் அப்படியொரு தறியின் முன்னால் தலை கவிழ்ந்து பெனலோப்பி உட்கார்ந்திருக்கிறாள். எதிரே டெலிமாக்கஸ் நிற்கிறான். பின்னால் பாதி நெய்த துணியில் சிறகு முளைத்த உருவங்கள் ஓடுகின்றன. பார்பர் சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தத் துணிக்கதையை ஹோமர் 'ஒடிசி'யில் மூன்று முறை சொல்கிறார், மூன்று வாயால். முதலில் மணம் கேட்டு வந்த ஆன்ட்டினஸ் ஊர்ச்சபையில் புகாராகச் சொல்கிறான்: எங்களை ஏமாற்றிவிட்டாள். பிறகு பெனலோப்பியே சொல்கிறாள், பிச்சைக்காரன் வேடத்தில் எதிரே இருப்பவன் தன் கணவன் என்று தெரியாமல். கடைசியில் பாதாளத்தில், மணம் கேட்டு வந்து செத்துப்போன ஆம்ஃபிமிடன் என்பவனின் ஆவி சொல்கிறது. செத்தும் அவர்களால் அந்தத் துணியை மறக்க முடியவில்லை.

அவளுக்கு ஹோமர் திரும்பத் திரும்பத் தரும் அடைமொழி 'பெரிஃப்ரோன்'. எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்ப்பவள் என்று சொல்லலாம். கற்புக்கரசி என்ற பட்டத்தைப் பின்னால் வந்தவர்கள்தாம் முன்னே தள்ளினார்கள். கணவன் திரும்பிவந்து, வில்லை வளைத்துப் பன்னிரண்டு கோடரிகளின் ஊடே அம்பு செலுத்தி, அத்தனை பேரையும் கொன்று தீர்த்த பிறகும் அவள் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. அவன் காதில் விழும்படி, கட்டிலைத் தூக்கி வெளியே போடச் சொல்கிறாள் பணிப்பெண்ணிடம். ஒடிசியஸுக்கு ஆத்திரம் வருகிறது. அதை யாரால் தூக்க முடியும்? வேரோடு நின்ற ஒலிவ மரத்தையே காலாக்கி நான் செய்த கட்டில் ஆயிற்றே! இந்தச் செய்தி அவர்கள் இருவருக்கும், நம்பிக்கையான ஒரு பணிப்பெண்ணுக்கும் மட்டுமே தெரியும். ஊரை ஏய்த்தவனையே ஒரு வாக்கியத்தில் ஏய்த்து உண்மையை வாங்கிவிட்டாள். என்னைக் கேட்டால் இந்தக் காவியத்தில் மிகச் சிறந்த இடம் இதுதான். வில் வளைக்கும் காட்சியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இனி அந்தப் பழைய சந்தேகத்துக்கு வருவோம். பெயரின் பிறப்புக்குக் கிரேக்கர்களிடமே வேறொரு விடையும் இருந்தது: வாத்து. 'பேனெலொப்ஸ்' என்பது அவர்களுக்குத் தெரிந்த ஒரு நீர்ப்பறவை; அரிஸ்டாஃபனீஸின் 'பறவைகள்' நாடகத்திலும் அரிஸ்டாட்டிலின் விலங்கு நூலிலும் வருகிறது. நமக்குச் சங்க நூல்களுக்கு உரைகாரர்கள் வாய்த்ததுபோல ஹோமருக்கும் வழிவழியாக உரைகாரர்கள் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் தெசலோனிக்காவின் பேராயராக இருந்த யூஸ்டாத்தியஸ் அவர்களில் பெரியவர். அந்த உரை மரபு ஒரு கதையைச் சொல்கிறது. அந்தப் பெண்குழந்தைக்கு முதலில் வேறு பெயர்தான் இருந்தது. குழந்தையைக் கடலில் எறிந்துவிட்டார்கள். எறிந்தது பெற்றோர் என்பது ஒரு பாடம், நௌப்ளியஸ் என்பவன் என்பது இன்னொரு பாடம். பேனெலொப்ஸ் வாத்துகள் கூட்டமாக வந்து குழந்தையைத் தாங்கிக் கரைசேர்த்தன. அதனால் பெனலோப்பி ஆனாள்.

கேட்டால் பெயரை விளக்குவதற்கென்றே இட்டுக்கட்டியதுபோல இருக்கிறது. ஒருவேளை அப்படித்தானோ என்னவோ. ஆனால் பறவைப் பெயரைப் பெண்ணுக்கு வைப்பது எந்த ஊரிலும் அதிசயமில்லை. நம்மிடம் குயிலியும் அன்னமும் கிளியம்மாளும் இல்லையா? நெதர்லாந்து மொழியியலாளர் ராபர்ட் பேக்ஸ், 2010-இல் வெளிவந்த தம் கிரேக்க வேர்ச்சொல் அகராதியில் இன்னும் ஒரு படி பின்னால் போகிறார். கிரேக்க மொழி அந்த மண்ணுக்கு வருமுன்பே அங்கே வழங்கிய ஏதோ ஒரு மொழியிலிருந்து ஒட்டிக்கொண்ட சொல் இது என்பது அவர் பக்கம். அப்படியானால் தாரைக் காட்டி விளக்குவது, பழைய சொல்லுக்குக் கிரேக்கக் காது பிறகு கற்பித்துக்கொண்ட பொருள். நான் வாத்துக் கட்சி. பெயர் முதலில் வந்திருக்கும்; அதில் 'பேனே' என்று கேட்ட ஒரு பாட்டுக்காரன் அவளைத் தறியின் முன்னால் நிறுத்தியிருப்பான். பெயரே கதையை நெய்தது.

கதையும் எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. ஹெரடோட்டஸ் காலத்திலேயே, ஆட்டுக்கால் தெய்வமான பான், பெனலோப்பிக்கும் ஹெர்மீஸுக்கும் பிறந்தவன் என்று கிரேக்கர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாடு முழுக்கச் சுற்றி எழுதிய பாசேனியஸுக்கு மாண்ட்டினியா ஊரார் அவளுடைய கல்லறை மேட்டைக் காட்டினார்கள். மணம் கேட்டு வந்தவர்களை அவளே வீட்டுக்குள் இழுத்தாள் என்று ஒடிசியஸ் குற்றம் சாட்டித் துரத்திவிட்டான், இங்கே வந்துதான் செத்தாள் என்பது அவர்கள் கதை. அதே பாசேனியஸ் ஸ்பார்ட்டா பக்கத்தில் ஒரு நாணச் சிலையையும் பார்த்தார். மணமான மகளைப் பிரிய மனமில்லாமல் இக்காரியஸ் தேரின் பின்னாலேயே போய்க் கெஞ்ச, என்னோடு வருகிறாயா அப்பாவோடு இருக்கிறாயா என்று ஒடிசியஸ் கேட்க, அவள் பதில் பேசாமல் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாளாம். தகப்பன் புரிந்துகொண்டு, அந்த இடத்தில் சிலை வைத்தான். ஒரே பெயருக்கு ஓர் ஊரில் நாணச் சிலை, இன்னோர் ஊரில் துரத்தப்பட்டவளின் கல்லறை.

சிலை என்றதும் இன்னொன்று. ஈரானில் பெர்செப்பொலிஸ் அரண்மனையின் கருவூல இடிபாடுகளை 1930-களில் தோண்டிய அமெரிக்கத் தொல்லியலாளர்களுக்கு, தலையில்லாத கிரேக்கப் பெண் சிலை ஒன்று கிடைத்தது. கால்மேல் கால் போட்டு, கவலையோடு உட்கார்ந்திருக்கும் அந்த இருப்பைப் பார்த்துப் பெனலோப்பி என்று கண்டுகொண்டார்கள். அதே வடிவத்தின் ரோமானியப் படிகள் முன்பே தெரிந்திருந்தன. கி.மு. 330-இல் அலெக்சாண்டர் அந்த அரண்மனையைக் கொளுத்தியபோது அவள் உள்ளே இருந்திருக்கிறாள். இப்போது டெஹ்ரானின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறாள்.

இவ்வளவு புகழ் இருந்தும் ஐரோப்பிய வீடுகளில் இந்தப் பெயர் நெடுங்காலம் புழங்கவில்லை. காரணம் ஞானஸ்நானம். ஐரோப்பாவில் குழந்தைக்குப் பெயர் கோயில் வழியாக வந்தது. புனிதர் பெயர் இருந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் இல்லை. வேடிக்கை என்னவென்றால் ஒரு பெனலோப்பி புனிதராகியிருக்கிறாள், பெயரை இழந்து. கீழைத் திருச்சபை மே 5 அன்று கொண்டாடும் மாமறைசாட்சி ஐரின், தொன்மக்கதைப்படி லிசினியஸ் என்ற அரசனின் மகள். தகப்பன் அவளைக் கோபுரத்தில் அடைத்துவைத்திருந்தான். புறா ஒலிவக் கிளையோடும், கழுகு மலர்வளையத்தோடும், காகம் பாம்போடும் சன்னலில் வந்து இறங்கின. அவள் மனம் மாறினாள். பிறந்தபோது வைத்த பெயர் பெனலோப்பி; திருமுழுக்கில் அமைதி என்று பொருள்படும் ஐரின். நம் கிறித்தவக் குடும்பங்களில் ஐரின் உண்டு. வேறு புனித ஐரின்களும் இருப்பதால் எல்லா ஐரினையும் இவள் கணக்கில் எழுத முடியாது.

மேற்கு ஐரோப்பாவுக்கோ ஹோமரே கைநழுவிப் போயிருந்தார். கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே அருகிவிட்டார்கள். பெனலோப்பியை அவர்கள் தெரிந்துகொண்டது ஓவிட் என்ற லத்தீன் கவி, புராணப் பெண்கள் தம் காதலர்களுக்கு எழுதுவதாகக் கற்பனை செய்த கடிதங்களில். முதல் கடிதமே அவளுடையது. அவளை உத்தம பத்தினிக்கு எடுத்துக்காட்டாக்கி மேடைதோறும் ஏற்றியது இந்த வழிதான். 14-ஆம் நூற்றாண்டில் போக்காச்சியோ, புகழ்பெற்ற பெண்களைப் பற்றி எழுதிய நூலில் அவளுக்கும் இடம் கொடுத்தார். இத்தாலியில் கிளம்பிய பழமை மோகம் இங்கிலாந்து அரசவைக்கு வந்து சேரும்போது 16-ஆம் நூற்றாண்டு நடந்துகொண்டிருந்தது.

அங்கே 1563-இல் பிறந்தாள் பெனலோப்பி டெவெரூ. இங்கிலாந்தில் இந்தப் பெயரோடு புகழ்பெற்ற முதல் பெண் என்று இவளைச் சொல்லலாம். சாப்மனின் ஆங்கில 'ஒடிசி' வெளிவர இன்னும் ஐம்பது ஆண்டு இருந்தது. அரசி எலிசபெத்தின் கண்மணியாக இருந்து 1601-இல் தலைவெட்டப்பட்ட எசெக்ஸ் பிரபுவின் அக்காள் இவள். கவி ஃபிலிப் சிட்னி 'ஸ்டெல்லா' என்று பெயர் மாற்றி ஒரு சானெட் வரிசை முழுவதும் உருகியது இவளை நினைத்துத்தான். 1581-இல் ரிச் பிரபுவுக்குக் கட்டிவைத்தார்கள். அந்தக் குடும்பப்பெயர்மேல் சிட்னி ஆடிய சிலேடைகள் அவ்வளவும் வயிற்றெரிச்சல். அவளோ கணவன் ரிச்சோடும் இல்லாமல் கவி சிட்னியோடும் இல்லாமல் மவுண்ட்ஜாய் பிரபு சார்லஸ் பிளவுண்ட்டோடு வாழ்ந்து பிள்ளைகள் பெற்றாள். 1605-இல் மணவிலக்கு வாங்கி, மறுமணத்துக்குச் சட்டம் இடம்கொடாதபோதும் அந்த ஆண்டே அவனை மணந்துகொண்டாள். அரசன் ஜேம்ஸ் கோபத்தில் இருவரையும் ஒதுக்கிவைத்தான். அடுத்த ஆண்டு பிளவுண்ட் செத்தான், அதற்கடுத்த ஆண்டு அவள். பத்தினிப் பெயரை ஆங்கிலத்தில் நடமாடவிட்டவள் இவள்! பெயர் வைத்த தகப்பன் என்ன நினைத்து வைத்தானோ. பெயர் மட்டும் அதற்குப் பின் உயர்குடி வீடுகளில் நிலைத்துவிட்டது.

அயர்லாந்தில் கதை வேறு. ஆங்கிலேய ஆட்சியில் பதிவேட்டுக்கு ஏற்ற பெயர் வேண்டியிருந்ததால், 'வெள்ளைத் தோள்' என்று பொருள்படும் ஃபின்னுவாலா என்ற தங்கள் பெயருக்கு ஈடாகப் பெனலோப்பியை எழுதிக்கொண்டார்கள். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை, காதில் விழும் ஓசை ஏறத்தாழ ஒத்திருந்தது, அவ்வளவுதான். செல்லமாகச் சுருக்கினால் பென்னி. தேனி, கம்பம் பக்கம் பையன்களுக்கு வைக்கும் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணைக்காரர். அவருக்கும் இவளுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

தாய்நாடான கிரேக்கத்தில் இந்தப் பெயரைச் சுமந்தவர்களில் ஒருவரை விட்டுவிட முடியாது. பினெலோப்பி டெல்ட்டா, 1874-இல் அலெக்சாந்திரியாவில் பருத்தி வணிகர் வீட்டில் பிறந்தவர். கிரேக்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக வாசிக்கும் கதைகளை எழுதியவர். அவற்றில் ஒன்றின் தலைப்பு 'பெயரில்லாத கதை'. மனம் கொடுத்த அயான் டிராகூமிஸை வாழ்நாளில் அடையவில்லை. அவர் 1920-இல் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு கறுப்பு உடையே உடுத்தினார். 1941 ஏப்ரல் 27 அன்று ஜெர்மானியப் படை ஏதென்ஸுக்குள் நுழைந்த அதே நாளில் நஞ்சு குடித்தார். மே 2 அன்று உயிர் பிரிந்தது. ஏதென்ஸின் வடபுறத்தில் உள்ள அவர் வீட்டுத் தோட்டத்துக் கல்லறையில் ஒரே ஒரு சொல்லைச் செதுக்கியிருக்கிறார்கள்: மௌனம்.

ஸ்பெயினில் இந்தப் பெயரைப் பரப்பியது ஒரு பாட்டு. 1969-இல் ஜுவான் மனுவேல் செர்ராட் பாடிய அந்தப் பாட்டில் பெனெலொப்பே ரயில் நிலையத்துப் பெஞ்சில் காத்திருக்கிறாள். கடைசியில் அவன் வருகிறான்; அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஹோமரின் கட்டில் சோதனையைச் செர்ராட் இப்படிக் கவிழ்த்துவிட்டார். அந்தப் பாட்டில் மயங்கிய பெற்றோர் 1974-இல் மாட்ரிட் அருகே பிறந்த மகளுக்கு அதே பெயரை வைத்தார்கள். அவர்தான் 2009-இல் ஆஸ்கார் வாங்கிய பெனெலொப்பே குரூஸ். அவர் ஹாலிவுட்டுக்குப் போய்ப் பேரெடுத்த கையோடு, 2001-இல் அமெரிக்கக் குழந்தைப் பெயர்ப் பட்டியலின் முதல் ஆயிரத்துக்குள் இந்தப் பெயர் திரும்பிவந்தது. 2013-இல் முதல் நூறுக்குள். நடுவில் ஒரு தொலைக்காட்சிப் பிரபலத்தின் மகளுக்கும் அதே பெயர். அங்கே அதெல்லாம் கணக்கில் சேரும்.

2005-இல் மார்கரெட் அட்வுட், 'பெனலோப்பியாட்' என்ற நாவலில், பெனலோப்பியையே பாதாளத்திலிருந்து பேசவைத்தார். காவியத்தின் முடிவில் தூக்கிலிடப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்கள் அதில் கூட்டாக வந்து நியாயம் கேட்கிறார்கள். தறியின் அருகே இரவில் பந்தம் பிடித்து நின்றவர்கள் யார் என்று அதற்குமுன் பெரிதாக யாரும் கேட்கவில்லை.

வாத்தை மறந்துவிடவில்லை. ஸ்வீடன் இயற்கையறிஞர் லின்னேயஸ் 1758-இல் உயிரினங்களுக்குப் பெயர் சூட்டியபோது, செம்பழுப்புத் தலையும் நடுநெற்றியில் வெளிர்மஞ்சள் பட்டையும் கொண்ட ஒரு வாத்துக்கு இனப்பெயராகப் பெனலோப்பி என்று எழுதிவைத்தார். பேரினப் பெயர் பிறகு மாறியது. பெனலோப்பி அப்படியே நிற்கிறது. இந்த வாத்து வடக்கே சைபீரியா வரை குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வருகிறது. நம் கோடியக்கரைக்கும் வருகிறது. நெற்றிப் பட்டையைப் பார்த்துத் தமிழில் இதற்கு வைத்த பெயர் நாமத்தலை வாத்து. மார்கழி, தை மாதங்களில் அந்தப் பக்கம் போகிறவர்கள் தொலைநோக்கி எடுத்துப்போங்கள். ஆண் வாத்தின் நெற்றியில் நாமம் தெளிவாகத் தெரியும், விசிலடிப்பதுபோல் கத்தும்.

(தொடரும்)